புனேயின் தண்டவாளப் பீரங்கி

ரெயில்கன் எனப்படும் தண்டவாளப் பீரங்கிக்கு வெடிமருந்து தேவையில்லை. இணையான இரு உலோகத் தண்டவாளங்கள் வழியே பாயும் பெரும் மின்னோட்டம் காந்த விசையை உண்டாக்கி, இடையிலுள்ள குண்டை முன்னே தள்ளும்.

1970களில் கான்பராவிலுள்ள ஆத்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சுமார் 3 கிராம் குண்டு நொடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தப்பட்டது. மின்னாற்றலைத் தந்தது இயற்பியலாளர் மார்க் ஒலிபாண்டு கட்டுவித்த 500 மெகாசூல் சுழல் மின்னாக்கி. அத்தகைய பூதாகர இயந்திரம் எல்லா ஆய்வகத்துக்கும் வாய்ப்பதில்லை.

புனேயிலுள்ள படைக்கல ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் 1994இல் அதற்கு மாற்றாக மின்தேக்கிகளைக் கையாண்டது. 5,000 வோல்ட்டில் 240 கிலோசூல் சேமிக்கும் தொகுதி அது; 3 முதல் 3.5 கிராம் குண்டு நொடிக்கு 2 கிலோமீட்டரைத் தாண்டியது. இங்கே மின்தேக்கியின் கொள்ளளவு மட்டும் போதாது. குண்டு வெளியேறுமுன் மின்னோட்டம் உச்சத்தை எட்ட வேண்டுமாதலால், தொகுதியின் மின்தூண்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

அவ்வேகத்தில் 3.5 கிராம் குண்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7 கிலோசூல்தான், அதாவது சேமித்ததில் நூற்றுக்கு மூன்று பங்கு. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. தண்டவாளத்தை அரிப்பதும் அதுவே. தூய செம்பு மின்னை நன்கு கடத்தும், ஆனால் மென்மையானது. எனவே குரோமியம் கலந்த செம்பு போன்ற கடினமான உலோகக்கலவைகள் நாடப்படுகின்றன. ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் தண்டவாளங்களை இறுக்கிப் பிடிக்க, கண்ணாடியிழை போன்ற மின்காப்புப் பொருளாலான உறையும் வேண்டும். பொழுதுபோக்காகச் சிறு மாதிரிகள் செய்வோரும் இதே அரிப்பைத்தான் முதலில் எதிர்கொள்கிறார்கள்.