எண்ணப்படாத உழைப்பு: ஜான் மேக்கியும் டைட் எண்ட் என்னும் இடமும்

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் என்பவர் முன்வரிசையின் ஓரத்தில், டேக்கிள் எனப்படும் பருத்த தடுப்பாளரை ஒட்டி நிற்பவர். பந்து கிளம்பியதும் அவர் எதிரே பாய்ந்து வருபவரை மோதி நிறுத்த வேண்டும். அல்லது வரிசையிலிருந்து நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்துக்கும் ஓடிய கெஜத்துக்கும் ஆவணம் உண்டு. மோதலுக்கு அப்படி ஒரு பத்தி அக்காலப் பதிவேட்டில் கிடையாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் தடுத்து மிச்சப்படுத்திய ஓட்டங்கள் அவர் பெயரில் ஏறாததைப் போன்றதுதான் இது.

ஜான் மேக்கியைப் பற்றி எழுதுவோர் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒருவர் அந்த இடத்தின் ஆட்ட முறையை மாற்றிய வீரர். மற்றவர் முதலாளிகளை நீதிமன்றத்துக்கு இழுத்த சங்கத் தலைவர். இந்தப் பிரிப்பு பொருந்தாது என்பதே என் வாதம். ஒரு வீரரின் உழைப்பை யார், எதை வைத்து அளப்பது என்ற ஒரே கேள்விதான் அவர் வாழ்வு முழுவதையும் இழுத்துச் செல்கிறது.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மேக்கியை 1963இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே 35 பிடிப்புகள், 726 கெஜம். ஒரு பிடிப்புக்கு இருபதுக்கும் மேல். டைட் எண்ட் என்றால் நெருக்கடிக்கு நாலைந்து கெஜம் எடுத்துக் கொடுப்பவர் என்றிருந்த காலம் அது. 1966இல் அவர் அடித்த ஒன்பது டச்டவுன்களில் ஆறு, 50 கெஜத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் டெட்ராய்ட் அணிக்கு எதிரான 64 கெஜ ஓட்டம் படச்சுருளில் இருக்கிறது. குறுகிய வீச்சு ஒன்றைப் பிடிக்கிறார். ஒருவர் இடுப்பைப் பற்றுகிறார், இன்னொருவர் தோளில் விழுகிறார், அடுத்தவர் காலுக்குப் பாய்கிறார். ஒவ்வொருவராக உதிர்கிறார்கள், இவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். தடுப்பாளனின் உடலும் ஓட்டக்காரனின் வேகமும் ஒருவரிடமே சேர்ந்தால் என்ன ஆகும் என்று எதிரணிகளுக்கு அன்று தெரிந்தது.

பொதுமக்கள் நினைவில் நிற்பதோ வேறொரு காட்சி. 1971 ஜனவரியில் மயாமியில் நடந்த ஐந்தாவது சூப்பர் பவுலில் கோல்ட்ஸின் ஜானி யுனைட்டஸ் எறிந்த பந்து சக வீரர் எடி ஹிண்டனுக்கானது. அது அவர் விரலில் பட்டுத் தெறித்து, டல்லஸ் வீரர் மெல் ரென்ஃப்ரோவின் விரல் நுனியையும் உரசி, பின்னால் நின்ற மேக்கியிடம் வந்தது. 75 கெஜ டச்டவுன். எதிரணிக்காரர் கை படாமல் ஒரே அணியின் இருவர் அடுத்தடுத்துத் தொட்டால் அன்றைய விதிப்படி அது செல்லாது. ஆகவே ரென்ஃப்ரோவின் விரல் பட்டதா இல்லையா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. தற்செயல் கொடுத்த ஒரு பந்து அவருடைய அடையாளமாகிப் போனதில் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு.

139 ஆட்டங்கள், 331 பிடிப்புகள், 5,236 கெஜம், 38 டச்டவுன்கள். 1972இல் சான் டியேகோ அணியோடு ஆட்ட வாழ்வு முடிந்தது. புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 1992இல். சங்கப் பகையே இந்த இருபதாண்டுத் தாமதத்துக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. அது பாதி உண்மைதான் எனக் கருதுகிறேன். அதே 1972இல் ஓய்வு பெற்ற மைக் டிட்கா, மண்டபத்தில் நுழைந்த முதல் டைட் எண்ட். அவருக்கே 1988 வரை பதினாறு ஆண்டு ஆயிற்று. மேக்கியை விட அதிகமாக 480 பிடிப்புகள் எடுத்து 1978இல் ஓய்ந்த ஜாக்கி ஸ்மித்துக்கும் பதினாறு ஆண்டுதான், 1994இல். ஆக, அந்த இடத்தில் ஆடியவர் எல்லாருமே காத்திருந்தார்கள். எஞ்சிய நான்காண்டைத்தான் சங்கத்தின் கணக்கில் எழுதலாம்.

1970இல் அதுவரை போட்டியாக இயங்கிய இரு கால்பந்து லீக்குகளும் ஒன்றானபோது ஒருங்கிணைந்த வீரர் சங்கத்தின் முதல் தலைவரானார் மேக்கி. அந்தக் கோடையிலேயே வேலைநிறுத்தம். பிறகு 1972இல், லீக்கின் ஆணையர் பீட் ரோசெல் பெயரால் வழங்கிய விதியை எதிர்த்து வழக்கு. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போனால், புதிய அணி பழைய அணிக்கு ஈடு தர வேண்டும். இரு அணிகளும் ஒத்துவராவிட்டால் ஈடு எவ்வளவு என்பதை ஆணையரே தீர்மானிப்பார். என்ன விலை வைப்பார் என்று தெரியாத சரக்கை வாங்க யார் முன்வருவார்? 1963 முதல் 1974 வரை ஒப்பந்தக் காலத்தை ஆடி முடித்த 176 பேரில் 34 பேரே வேறு அணிக்குப் போக முடிந்தது என்று தீர்ப்பு பதிவு செய்கிறது. அந்த இடமாற்றங்களில் ஆணையர் ஈடு விதித்தது நான்கே முறை. விதி இவ்வளவு அரிதாகப் பயன்பட்டதே அதன் வலிமைக்குச் சான்று. அச்சமே வேலையைச் செய்துவிட்டது. மினியாபொலிஸ் நீதிபதி எர்ல் லார்சன் 1975இல் அதைச் சட்டவிரோதம் என்றார். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணத்தை மாற்றிக்கொண்டாலும், முடிவை உறுதிசெய்தது.

வென்றதைச் சங்கமே 1977 ஒப்பந்தத்தில் பெருமளவு விட்டுக்கொடுத்தது. உண்மையான இடமாற்ற உரிமைக்கு 1993 வரை ஆயிற்று.

மேக்கியின் முன்மூளை சிதையத் தொடங்கியபோது, அவர் மனைவி சில்வியா அன்றைய ஆணையர் பால் டாக்லியாபுவுக்கு எழுதிய கடிதத்தின் பயனாக 2007இல் '88 திட்டம்' வந்தது. மறதிநோய்க்கு ஆளான முன்னாள் வீரரின் பராமரிப்புக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. 88 அவருடைய சட்டை எண். மரியாதை புரிகிறது, ஆனால் பராமரிப்புச் செலவைக் கணக்கிடாமல் சட்டை எண்ணிலிருந்து தொகை பிறந்திருக்கிறது என்பதும் புரிகிறது. நோய் ஆட்டத்தால் வந்ததென்று நிறுவ வேண்டியதில்லை என்பது திட்டத்தின் கருணை. பணம் தருபவர் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் மறுபக்கம். 2011 ஜூலையில், 69 வயதில் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புள்ள சிடிஇ நோய் காணப்பட்டது. பதிவேட்டில் ஏறாத மோதல்களுக்கு இருந்த ஒரே ஆவணம் அதுதான்.

உழைப்பை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1993இன் உடன்பாடு இடமாற்ற உரிமையோடு 'ஃபிராஞ்சைஸ் டேக்' என்ற கடிவாளத்தையும் கொண்டுவந்தது. அணி ஒரு வீரரை ஓராண்டு கட்டி வைக்கலாம். சம்பளம் அவர் ஆடும் இடத்தின் உச்ச ஊதியங்களைப் பொறுத்தது. 2014இல் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜிம்மி கிரஹாம் சிக்கியது இதில்தான். டைட் எண்ட் என்றால் ஏறத்தாழ 70 லட்சம் டாலர். பந்து பிடிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட வைட் ரிசீவர் என்றால் ஒரு கோடியே 23 லட்சம். முந்தைய பருவத்தில் மூன்றில் இரு பங்கு ஆட்ட நகர்வுகளில் தான் வரிசையை விட்டு விலகி நின்றதாக அவர் வாதிட்டார். டேக்கிளிலிருந்து நான்கு கெஜத்துக்குள் நின்றாலும் அது டைட் எண்ட் வேலைதான் என்றார் தகராறைத் தீர்த்த நடுவர் ஸ்டீவன் பர்பாங்க். என்ன செய்தார் என்பதைக் காட்டிலும் எங்கே நின்றார் என்பதே விலையைத் தீர்மானித்தது. பின்னர் நான்காண்டுக்கு நான்கு கோடி டாலர் ஒப்பந்தத்தில் கிரஹாம் கையெழுத்திட்டார்; மறு ஆண்டே சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். ஓட்டத்தை நம்பி ஆடிய அந்த அணியில் அவர்மேல் எழுந்த முதல் குறை, சரியாகத் தடுக்கத் தெரியவில்லை என்பது.