எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளில் கணைய நொதிக் கண்காணிப்பு

இரத்தத்தில் அமைலேஸ், லிப்பேஸ் ஆகிய நொதிகளின் அளவைப் பார்த்துக் கணைய அழற்சியைக் கண்டறியும் முறை. 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிடானோசின் என்னும் எச்.ஐ.வி. மருந்து சில குழந்தைகளுக்கு இந்த அழற்சியை உண்டாக்கியதால் சோதனை முக்கியத்துவம் பெற்றது. ஸ்டாவுடின், பென்டாமிடின் மருந்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் அமைலேஸை மட்டும் நம்புவது சரியன்று. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகள் சிலருக்குக் காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, தாடையோரம் புடைத்துத் தெரியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அமைலேஸைச் சுரப்பவையாதலால், கணையம் நலமாக இருந்தும் அளவு ஏறலாம். நல்ல மருந்தை வீணாக நிறுத்தவும் நேரும். பெரும்பாலும் கணையத்திலிருந்தே வரும் லிப்பேஸ்தான் மேலான சான்று.

வலியைச் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு அடிக்கடி சோதிப்பதே பாதுகாப்பு என்பார்கள். நியாயமான கவலைதான், எனினும் அறிகுறி ஏதுமில்லாத சிறு உயர்வு அழற்சியாகிவிடாது. வயிற்றுவலி, இயல்பின் மேல்வரம்பைப் போல் 3 மடங்கு நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அழற்சி எனலாம். பால் குடிக்க மறுத்து, ஓயாமல் வாந்தியெடுத்து, வயிற்றைத் தொட்டால் வீறிடும் குழந்தைக்கு அன்றே சோதனை தேவை. டிடானோசின் வழக்கொழிந்த இன்று, டோலுடெக்ராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தை எடுத்துக்கொண்டு நலமாயிருக்கும் குழந்தைக்கு மாதந்தோறும் நொதி பார்ப்பது தேவையற்றது. லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்து பெறும் குழந்தைக்கு, மிக உயர்ந்தால் கணைய அழற்சியைத் தூண்டக்கூடிய இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.