குடந்தைத் தமிழாசிரியரும் ஆராய்ச்சி வேட்கையும்

தமிழாசிரியர் ஆராய்ச்சியாளராக மலர்ந்த வரலாற்றை நோக்குவார்க்குக் கும்பகோணம் வளமானதொரு களம். 1880 முதல் 1942 வரையுள்ள காலத்தில் அந்நகரின் கல்லூரியிலும் பள்ளிகளிலும் பாடஞ்சொல்லிய மூவர் தமிழாராய்ச்சிக்கு அடிமனை கோலினர். வகுப்பில் நூல்களைச் செவ்வனே கற்பிப்பதே அந்நாளில் தமிழாசிரியர் கடமையாகக் கருதப்பட்டது. அதற்கப்பால் செல்லுமாறு அவர்களை உந்தியது எது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் கும்பகோணம் கல்லூரிப் பணியேற்றார் உ.வே. சாமிநாதையர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற வினாவே எழுந்தது. படித்ததில்லை. மகாவித்துவானின் மாணாக்கர் என்னும் பெருமிதத்தில் நின்றுவிடும் இயல்பினராயின் ஐயர் அவ்வினாவை அன்றே மறந்திருக்கக் கூடும். அவரோ அது தம் கல்வியில் ஒரு குறையென உணர்ந்தார். முதலியார் கொடுத்த படியைக் கொண்டுவந்து பயிலத் தொடங்கினார்.

அடுத்து நிகழ்ந்ததே அவருடைய மனப்பாங்கைத் துலக்குவது. சிந்தாமணி சமண காவியம். ஐயரோ திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் வளர்ந்த சைவர். நூலின் சமயச் சொற்கள் விளங்காதபோது, குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். கல்லூரிப் புலவரொருவர், புலவரல்லாதாரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். இப்பணிவு இல்லாதிருப்பின், ஏட்டுச்சுவடிகள் எத்துணை கிடைத்திருந்தும் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்திராது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியவை தொடர்ந்தன. வெட்கத்தில் அரும்பிய முயற்சி விரைவிலேயே தீராத வேட்கையாயிற்று; ஊர் ஊராக ஏடு தேடிய உழைப்பை வேறெவ்வாறும் விளக்க இயலாது.

அதே நகரின் நகர உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்த பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணைக்குத் தாமே உரை கண்டார். 1914இல் அவர் மறைந்தார். 1915இல் நற்றிணை வெளிவந்தது. உழைப்பின் பயனைக் காணாத ஆசிரியருள் அவரும் ஒருவர்.

தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் நாட்டமோ வேறு வகையினது. 1917 முதல் 25 ஆண்டுகள் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அவர் ஏட்டைவிடக் கல்லை நம்பினார். சோழநாட்டுத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர்க்குக் கோயிற் சுவர்களே பழகிய ஏடுகள் போலும்! புலவர்க்குரிய மிகையுரை அவர் நடையில் இல்லை. சான்று எவ்வளவோ அவ்வளவே முடிவு. ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்துச் சரிபார்த்து எழுதும் பொறுமை அவருடைய பிறவிக் குணமெனலாம். நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் 1930களில் வெளியிட்டிருந்தார். அவ்வரலாற்றைத் தமிழில், தமிழ் மட்டும் அறிந்தாரும் பயிலுமாறு எழுதவேண்டுமென்ற ஆர்வம் பண்டாரத்தாரைச் செலுத்திற்று.

1942இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தமை தென்னார்க்காட்டுக்கு வாய்த்த பேறு. மங்களூர், விருத்தாசலம் பகுதியினர்க்கு அண்மையதான அப்பல்கலைக்கழகமே ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலின் முதற்பகுதியை 1949இலும் இரண்டாம் பகுதியை 1951இலும் வெளியிட்டது. கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த செய்தியைக் கூறும் திருவயிந்திரபுரக் கல்வெட்டு, இம்மாவட்டத்ததே. பழமலைநாதர் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய வரலாறும் இத்தகு கல்லெழுத்துகளாலேயே துலங்கிற்று.

ஆராய்ச்சியை மதிப்பெண்ணால் அளக்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொணர்ந்தது. அதனால் கட்டுரைகள் பெருகின. சாமிநாதையரைச் சமணர் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற உந்துதலை அளக்க அதில் இடமில்லை. விதியின் வற்புறுத்தலால் தொடங்கியவருள்ளும் பின்னர் உண்மை வேட்கை கொண்டோர் உண்டென்பதை மறுத்தற்கில்லை.

பண்டாரத்தார் 1960 சனவரியில் காலமானார். சோழர் அரசியல் முறையை விரித்துரைக்கும் மூன்றாம் பகுதி, அதற்கு அடுத்த ஆண்டு அச்சேறிற்று.