சார்ஸ் முதல் கோவிட் வரை: தள்ளிவைக்கப்பட்ட அறுவைகள்



பெருந்தொற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களை முன்வைப்பர்: நோயுற்றோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர். 2003-ஆம் ஆண்டு சிங்கப்பூரைத் தாக்கிய சார்ஸ் நோய்க்கு அவ்வெண்கள் 238, 33. இவ்விரண்டிலும் சேராத ஒரு கூட்டத்தார் உளர். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டு, தொற்றின் காரணமாக அந்நாள் தள்ளிப்போனவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

2003 மார்ச் 22-இல் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏனைய நோயாளிகள் மற்ற மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிடப்பட்டனர். ஆயினும் ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குள்ளும் நோய் புகுந்துவிட்டது. நோயுற்ற 238 பேரில் 97 பேர் மருத்துவப் பணியாளர்கள், ஐவரில் இருவர்! அங்கு இரத்த நாள அறுவை மருத்துவராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் சாவ், அமெரிக்காவில் விடுமுறையில் இருந்தவர், அதனை இடையிலேயே முடித்துக்கொண்டு பணிக்குத் திரும்பினார். ஏப்ரல் 22-இல் சார்ஸ் அவரைப் பலிகொண்டது. வயது 37. (சிங்கப்பூரின் புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் சாவ் ட்சீ செங்கின் மகன் இவர்.) ஓர் அறுவை மருத்துவரை இழந்தால், அவர் கைக்காகக் காத்திருந்த நோயாளிகளின் வரிசையும் நின்றுபோகிறது.

காய்ச்சல் நோய்க்கும் அறுவைக் கூடத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழாயில் குழாய் செருகும் வேளையில் நோயாளியின் மூச்சுத் துளிகள் மருத்துவரின் முகத்திற்கு நேராக எழும்புகின்றன. அறுவைக் கூடத்தின் அமைப்பும் இத்தகைய நோய்க்கு ஒத்துவருவதில்லை. புண்ணில் கிருமி சேராதிருக்க, அங்கே காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கும். காற்று உள்ளிருந்து வெளியே தள்ளப்படும். தொற்றுநோயாளி படுத்திருந்தால் அதே காற்று நோயையும் தாழ்வாரத்திற்குக் கொண்டுவரும். மேலும், மயக்க மருந்து மருத்துவர்களும் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுகின்றனர். ஊரடங்கினால் இரத்ததான முகாம்களும் குறைகின்றன. ஆக, கத்தி இருந்தும் பயனில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறியாக வேண்டும். மொழி ஆசிரியனுக்கு இது பழக்கதோஷம். தள்ளிவைக்கத்தக்க அறுவையை ஆங்கிலத்தில் 'எலெக்டிவ்' என்கின்றனர். மலாயிலும் அதே சொல்தான். தெரிவு செய்தல் என்பது வேர்ப்பொருள். அறுவைக்குரிய நாளை முன்கூட்டியே தெரிவு செய்யலாம் என்பதே அதன் கருத்து. அறுவை தேவையில்லை என்பதன்று. தமிழில் பலரும் அதனை 'அவசரமற்ற அறுவை' என்று எழுதுகின்றனர். எனக்கு உடன்பாடில்லை. மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றுவதும் இவ்வகையில்தான் அடங்கும். 'திட்டமிட்ட அறுவை' என்பதே பொருத்தம். சொல் தவறினால் மனமும் தவறுகிறது. காத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடுகிறோம். இன்று திட்டமிட்டுச் சரிசெய்யக்கூடிய குடலிறக்கம், குடல் இறுகிக்கொண்டால் ஒரே இரவில் உயிர்ப் போராட்டமாகிவிடும்.

சார்ஸ் சில மாதங்களில் அடங்கியது. 2020-இல் வந்த கோவிட்-19 அப்படி அடங்கவில்லை. மலேசியாவில் மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென மாற்றப்பட்டது. திட்டமிட்ட அறுவைகள் தள்ளிப்போயின. கோவிட்சர்ஜ் என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு அவ்வாண்டு மே மாதம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் அறுவைகள் இரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்றது. வழக்கத்தைவிட 20 விழுக்காடு கூடுதலாக உழைத்தாலும் அந்த நிலுவையைத் தீர்க்க 45 வாரங்கள் ஆகுமாம்.

தள்ளிவைத்தது தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அறுவையை ஒட்டிக் கோவிட் கண்ட 1,128 நோயாளிகளை அதே குழு ஆராய்ந்தபோது, 30 நாளுக்குள் 23.8 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். மறுபுறம், 2020 நவம்பரில் வெளியான வேறோர் ஆய்வு, புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தாமதித்தால் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது என்று காட்டியது. செய்தாலும் கேடு, செய்யாவிட்டாலும் கேடு. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் மருத்துவர்கள் பட்டியல் போட்டனர்.

பட்டியலின் கடைசியில் நின்றவர்களையும் நான் அறிவேன். என் மாணவி ஒருத்தியின் பாட்டிக்குக் கண்புரை. நாள் இருமுறை மாற்றப்பட்டது. வீட்டிலிருந்தே கற்ற அம்மாதங்களில், நான் அனுப்பிய பாடக் குறிப்புகளை அச்சிறுமி பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டுவாளாம். "பாட்டிக்குக் கண்ணு தெரியல சார், அதான் நானே படிச்சிக் காட்டுறேன்," என்றாள். கண்புரையால் யாரும் இறப்பதில்லை. ஆகவே அப்பாட்டி எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

2003-இன் பட்டறிவு வீண்போகவில்லை என்றே நான் கருதுகிறேன். நோயை ஓரிடத்தில் ஒதுக்கினால் பிற மருத்துவமனைகள் தம் பணியைத் தொடரலாம் என்பதுதான் டான் டோக் செங் கற்பித்தது. அதன் அருகிலேயே 330 படுக்கைகளுடன் தேசியத் தொற்றுநோய் மையத்தைச் சிங்கப்பூர் 2019-இல் திறந்தது. கோவிட் வந்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பின்னர்தான். மலேசியாவில் 2021-ஆம் ஆண்டின் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, கோவிட் அல்லாத நோயாளிகளில் சிலர் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். அந்த ஏற்பாடு முதலாண்டிலேயே பரவலாக நடந்திருந்தால், வரிசை இத்தனை நீண்டிருக்காது என்பது என் எண்ணம்.