நூறு, அறுபது, பதினாறு: ஒத்திவைத்த வரியின் வரலாற்றில் ஒரு பத்தி

ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2007 நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒத்திவைத்த வரியைப் பற்றிய கணக்கியல் தரநிலை 22 செல்லும் என்று உறுதி செய்தது. அந்த முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. நீதிபதி எஸ்.எச். கபாடியா அம்முடிவுக்கு வந்த வழியோடுதான் பிணக்கு. ஒத்திவைத்த வரி பொருத்தக் கொள்கையின் பிள்ளை என்கிறது தீர்ப்பு. வரியும் ஒரு செலவு; எந்த ஆண்டின் வருவாயால் அது விளைந்ததோ அந்த ஆண்டின் தலையிலேயே அதை ஏற்ற வேண்டும்; ஆகவே இது இலாப நட்டக் கணக்கைச் சார்ந்த ஏற்பாடு. இவ்வாறு செல்கிறது அதன் வாதம். தரநிலையின் முகப்புரையும் இதையே சொல்வதால் இந்த வாசிப்பு வேரூன்றிவிட்டது. 2016-இல் வந்த இண்ட் ஏஎஸ் 12 இருப்புநிலைக் குறிப்பிலிருந்து தொடங்குவதால், அதைப் பழையதிலிருந்து அறுபட்ட புதுமுறை என்று பாடநூல்கள் பிரித்துக் காட்டுவதும் இதன் விளைவே. ஆனால் முகப்புரை சொல்வதைத் தரநிலையின் கடைசிப் பத்திகள் சொல்லவில்லை.

வாதத்துக்கு ஒரு சூளை தேவை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் படுகையில் உள்ள ஆலத்தியூரில், அன்று மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்றும் இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என்றும் பெயர் கொண்ட நிறுவனம் 1997-இல் முதல் பிரிவைத் தொடங்கியது. இரண்டாம் பிரிவு 2001-இல் வந்தது. பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்குத் தரநிலை 22 கட்டாயமானது 2001 ஏப்ரல் 1 முதல். ஆக முதல் பிரிவு பழைய உலகத்தில் பிறந்து புதிய உலகத்துக்குள் நுழைந்த இயந்திரம்.  

கீழே வரும் எண்கள் நிறுவனத்தின் ஏட்டிலிருந்து எடுத்தவையல்ல. அன்றைய சட்ட விகிதங்களைக் கொண்டு நான் போட்ட கணக்கு. 100 ரூபாய் விலையுள்ள சூளை இயந்திரம், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் ஆலைக்குரியது. கம்பெனிகள் சட்டத்தின் பதினான்காம் அட்டவணைப்படி நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 5.28 ரூபாய் தேய்மானம். வருமான வரிச் சட்டத்திலோ குறைந்துசெல் மதிப்பு முறையில் 25 விழுக்காடு. 1997-98 முதல் நான்கு முழு ஆண்டுகள் கழிந்தால், 2001 ஏப்ரல் 1 அன்று நிறுவன ஏட்டில் மீதம் 78.88. வரி ஏட்டில் 31.64. இடைவெளி 47.24. கூடுதல் வரியை விட்டுவிட்டு 35 விழுக்காடு போட்டால் 16.53 ரூபாய். இன்று கட்டாமல் பின்னொரு நாள் கட்ட வேண்டிய வரி இது. புதிய இயந்திரம் ஏதும் வாங்காவிட்டால் ஆறாம் ஆண்டில் 17.68 வரை ஏறி, ஏழாம் ஆண்டிலிருந்து இறங்கும்.

இந்த 16.53-ஐ எங்கே வைப்பது? 33-ஆம் பத்தி பதில் சொல்கிறது: தரநிலையை முதன்முறை பின்பற்றும்போது, அதுவரை சேர்ந்ததைப் பொறுப்பாகக் காட்டி, ஈடாகக் காப்பு நிதியைக் குறைக்க வேண்டும். பழைய ஆண்டுகளின் செலவு பழைய ஆண்டுகளின் இலாபத்திலிருந்தே கழிகிறது என்பதால், பொருத்தக் கொள்கைக்காரர்களுக்கு இதில் சங்கடமில்லை. சங்கடம் அடுத்த பத்தியில்.

34-ஆம் பத்தி, சேர்ந்த தொகையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தருகிறது. ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போய் இலாப நட்டக் கணக்குகளைப் புரட்டச் சொல்லவில்லை. தொடக்க நாளில் சொத்துகளுக்கும் பொறுப்புகளுக்கும் நிறுவன ஏட்டில் உள்ள இருப்பையும் வரி ஏட்டில் உள்ள இருப்பையும் அருகருகே வைத்து வேறுபாட்டை எடு என்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: ஏட்டில் 100 ரூபாய், வரிக்கு 60 ரூபாய், விகிதம் 40 விழுக்காடு, பொறுப்பு 16 ரூபாய். இந்தப் பதினாறும் நம் சூளையின் பதினாறரையும் நெருங்கி நிற்பது தற்செயல். அங்கே நூறு என்பது மீத மதிப்பு, இங்கே அடக்க விலை.

இருப்புகளை ஒப்பிட்டு வரி காண்பது இருப்புநிலைக் குறிப்பு முறையேயன்றி வேறென்ன? உலகத் தரநிலையான ஐஏஎஸ் 12, 1996-இல் திருத்தப்பட்டபோது இந்த முறைக்கு மாறிவிட்டது. ஐந்தாண்டு கழித்து எழுதிய நம் தரநிலை காலவேறுபாடு (ஓர் ஆண்டில் எழுந்து பின்னர் தீர்ந்துவிடும் இலாப வேறுபாடு) என்ற பழைய பாதையைத் தேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதை பழையதுதான். ஆனால் அதில் நுழையும் வாசலைப் புதிய முறையில் கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு எளிய மறுப்பு ஒன்று உண்டு: பழைய ஆண்டுகளைத் திரும்பக் கட்டுவது நடவாத காரியம், ஆகவே குறுக்குவழி கொடுத்தார்கள், அவ்வளவே. இருக்கலாம். ஆனால் குறுக்குவழியும் நேர்வழியும் ஒரே தொகையில் முடிய வேண்டும் என்று 33-ஆம் பத்தியே நிபந்தனை போடுகிறது. தொடக்கம் முதலே தரநிலை நடப்பில் இருந்திருந்தால் வந்திருக்கும் தொகையே வர வேண்டுமாம். இரண்டும் ஒன்றே என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தால், பொருத்தம் என்பது அவர்களுக்குக் கொள்கையாக இருந்ததைவிட விளக்கமாக இருந்தது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வரைவாளர்களின் மனத்தைக் காட்டும் ஆவணம் ஏதும் இதற்குச் சான்றாக என் கையில் இல்லை. பத்தியின் அமைப்பு ஒன்றே சான்று. அது போதும் என்றே வாதிடுகிறேன்.

தீர்ப்பின் வாசிப்பு இன்னும் தடுமாறும் இடம் ஒத்திவைத்த வரிச் சொத்து. பொருத்தமே தாய் என்றால் பொறுப்புக்கும் சொத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். தரநிலை அப்படிச் செய்யவில்லை. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவின்படி கட்டினால்தான் கழிக்கலாம் என்று தள்ளிப்போகும் வரி, தீர்வை போன்றவற்றால் விளையும் சொத்தைக் காட்ட, நியாயமான உறுதி போதும். ஈடுகட்டப்படாத தேய்மானமோ முன்கொணர்ந்த நட்டமோ இருந்தால் 17-ஆம் பத்தி கிட்டத்தட்ட முழு உறுதியைக் கேட்கிறது, அதையும் நம்பத்தக்க சான்றோடு. எது சான்று? பின்னர் வந்த விளக்கம் சொல்கிறது: முறித்தால் பெரும் இழப்பீடு கட்ட வேண்டிய, கட்டுப்படுத்தும் ஏற்றுமதி ஆணை போன்றது. கடன் தரும் நிறுவனம் ஏற்றுக்கொண்ட இலாப மதிப்பீடுகூடத் தனியே சான்றாகாது. சிமெண்ட் தொழிலில் இதைப் பொருத்திப் பாருங்கள். மூட்டை மூட்டையாக டீலர் கடைக்குப் போகும் சரக்குக்கு யார் ஐந்தாண்டு ஏற்றுமதி ஆணை எழுதித் தருவார்? நட்டத்தில் விழுந்த சிமெண்ட் ஆலைக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது. இந்த விதியை எழுதிய கை பொருத்தக் கொள்கையின் கையல்ல; முன்னெச்சரிக்கையின் கை.

அரசின் பார்வையும் பொருத்தத்தைப் பற்றியதாக இருந்ததில்லை. 1987-இல் 115ஜே பிரிவு வந்தபோதே ஏட்டு இலாபம் வரிக்குரியதாயிற்று. ஏட்டில் கொழுத்த இலாபம், வரிக் கணக்கில் சுழியம் என்ற நிலையை அது குறிவைத்தது. அதாவது நம் சூளையின் இடைவெளியையே. அந்தப் பிரிவு 1991-இல் விலக்கப்பட்டு, 115ஜேஏ, 115ஜேபி என மறுபிறவி எடுத்தது. பட்டயக் கணக்காளர் கழகம் வரிக் கணக்கியல் பற்றிய வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டதும் 1991-இல்தான். தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டு, 2008 நிதிச் சட்டம், ஒத்திவைத்த வரியை ஏட்டு இலாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும் என்று 2001 ஏப்ரல் 1-க்குப் பின்னோக்கித் திருத்தியது. வருமான வரி என்ற பழைய சொல்லுக்குள் இது அடங்குமா என்ற ஐயத்தை அது தீர்த்தது. வரிச் செலவுதானே என்று தீர்ப்பு எளிதாகக் கடந்த இடத்தில், நாடாளுமன்றம் தனி உட்பிரிவு எழுத வேண்டியிருந்தது.

அப்படியானால் ஒத்திவைத்த வரி இந்தியாவுக்கு எப்போது வந்தது? 1991 என்றால் அது பரிந்துரை மட்டுமே. 2001 கட்டாயம். 2007 நீதிமன்ற முத்திரை. 2016 முறைமாற்றம் என்கிறார்கள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவில்லை. 2016-ஐ மட்டும் தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்பேன். அன்று மாறியது 34-ஆம் பத்தியில் ஒட்டியிருந்த ஒரு நிபந்தனை: வேறுபாடு காலவேறுபாடாக இருந்தால் மட்டும் என்ற வரி. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் அதுவே என்பதை மறைக்கவில்லை. ஒப்பிடும் முறை 2001-இலேயே இருந்தது. ஒப்பிட்டதில் ஒரு பகுதியை அந்த வடிகட்டி வெளியே நிறுத்தியது.

வெளியே நின்றவற்றில் முக்கியமானது நிலம். விலைக் குறியீட்டால் உயர்த்திய அடக்க விலையை வரிச் சட்டம் ஏற்றதால், சொந்த நிலத்தின் வரி மதிப்பு ஏட்டு மதிப்பை விஞ்சும். தரநிலை 22-க்கு அது நிலையான வேறுபாடு, கணக்கில் வராது. இண்ட் ஏஎஸ் 12-இன் கீழ் அது ஒத்திவைத்த வரிச் சொத்தாக நுழைந்தது. 2024 ஜூலை 23 முதல் நிறுவனங்களுக்குக் குறியீட்டு உயர்வு நீங்கியதும் அப்படி நுழைந்ததைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. கட்டடம் நிற்கும் நிலத்துக்கு இது சரி. சுண்ணாம்புக்கல் வெட்டும் நிலத்தின் மதிப்பை நிறுவனம் மீட்பது விற்றா, வெட்டியா? வெட்டித்தான் என்றால், குறியீட்டால் உயர்த்திய விற்பனை மதிப்பை அதன் வரி அடிப்படையாக 2016-லேயே எடுத்திருக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. அரியலூர் வட்டாரத்துச் சுரங்க நிலங்களுக்கு இதை ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையாகத் தனித்தனியே பார்த்தே சொல்ல முடியும்.