ஒரே பாய்

ஜலகண்டாபுரத்தில் நெசவாளர் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் நாள் இரவே வெளியூர்ச் சொந்தம் வந்து இறங்கிவிடும். தறியை நிறுத்திவிட்டுத் தறிக்கூடத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் பாய் விரிப்பார்கள். இரண்டு ஆண்களுக்கு ஒரு பாய், ஒரு ஜமக்காளம். சித்தியும் அவள் தோழியும் ஒரே போர்வைக்குள். யாரும் எதுவும் கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தாங்கள் யார் என்று அந்த இருவரும் வாய் திறக்காதவரைதான் அந்தப் பாய் கிடைக்கும் என்பது பின்னால்தான் உறைத்தது.

மத்யூ ஜோஸ்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு இது பார்சிலோனாவில் உறைத்தது. தன் இணையருடன் போனவர் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். இரண்டு ஆண்களும் ஒரே கட்டிலில் படுக்கப்போகிறவர்கள் என்பது வீட்டுக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனைக்கும் ஸ்பெயின் 2005லேயே ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு. அந்தச் சங்கடத்திலிருந்து 2014 வாக்கில் பாரிஸில் பிறந்ததுதான் ‘மிஸ்டர் பி அண்ட் பி’. தன்பாலீர்ப்பினர் தம் வீட்டின் உபரி அறையைத் தம்போன்ற பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு. சாவி, விரிப்பு, காலைக் காபி எல்லாம் மற்ற வீடுகளில் கிடைப்பவைதான். வருவது யார் என்று வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும் என்பது மட்டும் புதிது. விருந்தாளி வாசலில் பொய்யோடு நிற்க வேண்டாம்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1960களின் நடுவில், சான் பிரான்சிஸ்கோவில் மதுக்கடை நடத்திய பாப் டேம்ரன் சட்டைப்பைக்குள் அடங்கும் முகவரிப் புத்தகம் ஒன்றைப் போட்டார். எந்த ஊரில் எந்தக் கதவைத் தன்பாலீர்ப்பினர் தட்டலாம் என்பதற்கு அதுதான் வழிகாட்டி.

நம் ஊர் லாட்ஜில் ஆணும் பெண்ணும் போனால் கல்யாணமானதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கோவையில் மணமாகாத ஜோடி தங்கியதைக் காரணம் காட்டி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தபோது, மணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு ஆண்கள் போனால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற ஒரு சொல்லுக்குச் சாவி கிடைத்துவிடும். அந்த ஒரு சொல்லைத்தான் அவர்கள் ஊர் ஊராகச் சுமக்கிறார்கள்.

திருநங்கைக்கு அதுவும் இல்லை. மறைத்து அறை கேட்க அவர்களுக்கு வழியே கிடையாது. அதனால்தான், யோசித்துப் பார்த்தால், இப்படிப்பட்ட தங்கும் வீட்டை முதலில் உண்டாக்கியவர்கள் பாரிஸ்காரர்கள் அல்ல, திருநங்கையரின் ஜமாத்துகள்தாம். தெரியாத ஊரில் ரயிலிறங்கும் திருநங்கை அங்குள்ள மூத்தவர் வீட்டைத் தேடிப் போகிறார்; ‘பாம்படுத்தி’ என்று வணக்கம் சொல்கிறார்; இன்னார் மகள் என்கிறார். அம்மா, பாட்டி முறையில் நானி என்று உறவு கூடிவிடுகிறது. அந்த வீடுகளுக்கென்று கட்டுப்பாடுகளும் கடன்களும் உண்டு, எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரிக்குப் பாய் உண்டு.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த, இணையரான இரண்டு பெண்களின் வழக்கும் தங்க இடம் தேடிய கதைதான். தொண்டு நிறுவனங்கள்தாம் அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்தன. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜூன் 7 அன்று அவர் தந்த உத்தரவில், குறுகிய காலத் தங்கும் இல்லங்களைப் பால்புதுமையர் எவரும் தங்கும்படி மாற்றச் சொன்னார்.

எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. மேட்டூர் அணை பார்க்க வருகிறேன், தங்கலாமா என்று தம்பி முறையுள்ள ஒருவன் கேட்டான். கூட அவன் இணையும் வருகிறான். அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்றேன்.

“உள்ளதைச் சொல்லிடுண்ணா. பொய் சொல்லிட்டு அவங்க கையால சாப்பிட முடியாது.”

அம்மாவிடம் சொல்லியாயிற்று. “அப்ப ஒரே பாய் போதுமா, அகலமானதா எடுத்துப் போடு” என்றாள்.