வலிமை ஏற ஏற இறங்கும் எண்: உயர்வலிமை எஃகுத் தகடுகளின் சார்பி சோதனை குறித்து

கட்டுமான எஃகுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2062, தன் 2011 பதிப்பில் இ250 தொடங்கி இ650 வரை ஒன்பது தரங்களை வகுக்கிறது. 'இ' என்ற எழுத்தை அடுத்து நிற்பது ஈல்டு வலிமை; அதாவது, சுமையை எடுத்த பிறகும் தகடு பழைய நீளத்துக்குத் திரும்பாத நிலை தொடங்கும் தகைவு, மெகாபாஸ்கல் அலகில். பொறியாளர்கள் பேசுவதும் வாங்குவதும் இந்த எண்ணை வைத்துத்தான். அதே அட்டவணையின் ஓரத்தில் சார்பி மோதல் சோதனைக்கான நிரல் ஒன்று இருக்கிறது. இ250 முதல் இ350 வரை 27 ஜூல். இ410க்கு 25. இ550க்கும் அதற்கு மேற்பட்ட தரங்களுக்கும் 15. தகட்டின் மீது ஏற்றக்கூடிய தகைவு இரண்டு மடங்குக்கு மேல் கூடும்போது, விரிசலைத் தாங்கும் திறனுக்கான நிபந்தனை ஏறத்தாழ பாதியாகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோதனை எளியது. 10 மில்லிமீட்டர் சதுர வெட்டுமுகமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட துண்டின் நடுவே 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டு இடுவார்கள். குறித்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து, தாங்கிகளில் வைத்து, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. அடித்த பின் சுத்தியல் மறுபக்கம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதிலிருந்து, துண்டு உறிஞ்சிய ஆற்றல் தெரிந்துவிடும். அனுபவமுள்ள சோதனையாளர் முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே உடைந்த முகத்தைப் பார்ப்பார். சாம்பல் நிறத்தில் நார்நாராக, ஓரங்கள் கிழிந்து வெளித்தள்ளியிருந்தால் நல்லது. கற்கண்டு உடைந்ததுபோல் தட்டையாக மின்னினால், முள் என்ன காட்டும் என்று அவருக்குத் தெரியும்.

27 ஜூலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து கப்பல் துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய வேறு பல கப்பல்களும் இப்படி விரிசல் கண்டன. உடைந்த தகடுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைச் சோதித்த ஆய்வாளர்கள், ஏறக்குறைய 15 அடி-பவுண்டு, அதாவது 20 ஜூல் அளவில் ஒரு எல்லையைக் கண்டார்கள். 27 ஜூல் என்பது அதே வழியில் வந்த 20 அடி-பவுண்டு. இரண்டுமே சாதாரண மென் எஃகின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. 550 மெகாபாஸ்கல் தகட்டுக்கு அந்த அனுபவம் எதையும் சொல்லவில்லை.

முறிவு இயக்கவியல் சொல்கிறது. ஒரு விரிசல் முன்னேறும்போது விடுபடும் ஆற்றல், விரிசலின் நீளத்தையும் தகைவின் இருமடியையும் பொறுத்தது. எஃகு எந்தத் தரமானாலும் அதன் மீள்மைக் குணகம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வலிமை கூடுவது இங்கே எந்த உதவியும் செய்வதில்லை. இ250, இ650 இரண்டையும் அவற்றின் ஈல்டு வலிமையில் ஒரே விகிதத்துக்குச் சுமையேற்றினால், ஒரே அளவு விரிசலில் விடுபடும் ஆற்றல் பின்னதில் ஏறக்குறைய 6.8 மடங்கு. ஐரோப்பியத் தரநிலை இ.என். 10025-6 நம்முடையதுபோல் எண்ணை இறக்கவில்லை. ஆனால் 460 முதல் 960 மெகாபாஸ்கல் வரை, க்யூ.எல். வகைத் தகடுகள் அனைத்துக்கும் −40 டிகிரியில் உருட்டு திசையில் 30 ஜூல் என்றே நிற்கிறது. 4.4 மடங்கு வேறுபடும் தேவைக்கு ஒரே விடை.

இதற்கு ஆலைத் தரப்பில் ஒரு மறுப்பு உண்டு, எளிதில் தள்ளக்கூடியதல்ல. சார்பி ஒரு வடிவமைப்பு அளவீடு அல்ல, தயாரிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கருவி மட்டுமே என்பார்கள். கந்தகத்தைக் குறைத்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டும் நல்ல ஆலையின் தகடு 100 ஜூலைத் தாண்டுவது சாதாரணம். பிறகு அட்டவணையில் 15 என்று இருந்தால் என்ன, 40 என்று இருந்தால் என்ன? உண்மைதான். ஆனால் வாங்குபவருக்கு உரிமையுள்ளது அட்டவணையின் எண் மட்டுமே. 18 ஜூல் காட்டும் இ550 தகடு வந்திறங்கினால், சான்றிதழில் எல்லாம் சரியாக இருக்கும். அதைத் திருப்பி அனுப்ப ஆய்வாளருக்கு வழியில்லை.

உயர்வலிமைத் தகட்டில் விரிசல் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெல்போர்னின் கிங்ஸ் பாலம் 1961இல் திறக்கப்பட்டு, 1962 ஜூலை 10 அன்று, குளிர்காலக் காலையில், கனரக வண்டி ஒன்று ஏறியபோது உடைந்து இறங்கியது. கர்டரின் அடிப்பட்டையில் கூடுதலாக ஒட்டிய கவர் தகடு முடியும் இடத்தில், குறுக்கே இட்ட பற்றவைப்பின் விளிம்பில் விரிசல்கள் இருந்தன. எஃகு அன்றைய உயர்வலிமை வகை. கரிமமும் மாங்கனீசும் மிகுந்து, பற்றவைக்கச் சிரமமானது. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, 2021 மே 11 அன்று, மெம்பிஸ் நகரில் மிசிசிப்பியின் குறுக்கே நிற்கும் ஐ-40 பாலத்தின் டை கர்டரில் பெரிய விரிசல் கண்டு போக்குவரத்தை நிறுத்தினார்கள். அது 690 மெகாபாஸ்கல் வகையைச் சேர்ந்த டி-1 எஃகு. பட்டறையில் தகடுகளை இணைத்தபோதே ஹைட்ரஜனால் பற்றவைப்பில் உண்டான சிறு விரிசல்தான் மூலம். இரண்டு இடத்திலும் தொடக்கம் வெல்டிங்கில். ஆனால் அந்த விரிசல் எவ்வளவு வளர்ந்த பிறகு பாய்ந்து ஓடும் என்பதில் தகட்டுக்கும் பங்கு உண்டு. ஆய்வாளர் அதைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் காலமும் அதைப் பொறுத்ததே.

இன்னொரு குறை, துண்டு எடுக்கும் இடத்தில். பெரும்பாலான தகடுகளில் சார்பி துண்டை மேற்பரப்பை ஒட்டியோ, தடிமனின் கால் பங்கு ஆழத்திலோ வெட்டுகிறார்கள். தொடர் வார்ப்பில் உருவாகும் ஸ்லாப் வெளியிலிருந்து உள்நோக்கி உறைவதால், கரிமம், மாங்கனீசு, கந்தகம் ஆகியவை கடைசியில் உறையும் நடுப்பகுதியில் சேர்கின்றன. அது உருட்டிய பிறகும் தகட்டின் நடுவில் மெல்லிய கடின வரியாக நீடிக்கும். அல்ட்ராசோனிக் சோதனை தகட்டுக்குள் ஏடுபோல் பிரிந்த இடத்தைக் காட்டும். பிரியாமல், செறிவு மட்டும் மாறிய வரியைப் பொதுவாகக் காட்டாது. தகட்டின் பலவீனமான பகுதியைத் தொடாமலே சோதனை முடிந்துவிடுகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

வேறு வழி சாத்தியமா? அமெரிக்கப் பாலங்களுக்காக 1990களில் உருவான எச்.பி.எஸ். 70டபிள்யூ எஃகு சாத்தியம் என்று காட்டுகிறது. கரிமத்துக்கு 0.11 சதவீதமும் கந்தகத்துக்கு 0.006 சதவீதமும் உச்சவரம்பு. முறிந்தால் பாலமே விழக்கூடிய உறுப்புகளுக்கு −23 டிகிரியில் 48 ஜூல் கேட்கிறார்கள். அதே தரநிலையில் வலிமை குறைந்த 50 தரத்துக்குக் கேட்பது இதைவிடக் குறைவு. அங்கே வலிமையோடு நிபந்தனையும் ஏறுகிறது. ஆலைகளும் அதைத் தருகின்றன.

ஐ.எஸ். 2062 திருத்தப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இ450க்கு மேற்பட்ட தகடு வாங்கும்போது கொள்முதல் ஆணையிலேயே இரண்டு நிபந்தனைகளை எழுதலாம்: கட்டமைப்பு சந்திக்கும் மிகக் குறைந்த வெப்பநிலையில் 40 ஜூல், 40 மில்லிமீட்டரைத் தாண்டிய தகட்டில் நடுத்தடிமனிலிருந்து மூன்று துண்டுகள் கூடுதலாக. 40 என்பது இருமடி விதி கேட்கும் அளவல்ல, ஆலைகள் இன்று தயங்காமல் ஏற்கக்கூடிய அளவு. நடுத்தடிமன் துண்டுகளுக்கு 27 போதும் என்று தொடங்கலாம். 12 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டில் முழு அளவுத் துண்டு கிடைப்பது கடினம் என்பதால், அதற்கு எண்ணை வெட்டுமுகப் பரப்புக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.